எரர் வருது என்றால், எந்த எரர்?

"அக்கா, குவெரி ஒர்க் ஆகல. கொஞ்சம் அவசரம்."

டேட்டாபேஸ் வேலையில் உதவி கேட்டு எனக்கு வரும் செய்தி இவ்வளவுதான். எந்த டேட்டாபேஸ், என்ன எழுதினாய், என்ன வர வேண்டும், அதற்குப் பதில் என்ன வருகிறது, ஒன்றும் இருக்காது. திருப்பிக் கேட்டால் ஒரு படம் வரும். மானிட்டருக்கு எதிரே கைபேசியைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம். எரர் எழுதியிருக்கும் வரி படத்துக்கு வெளியே போயிருக்கும்.

நான் இருப்பது ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில். இந்தியாவைவிட ஆறரை மணி நேரம் முன்னால், இங்கே கோடை நேரம் நடக்கும்போது ஏழரை. சென்னையிலும் கோவையிலும் மதியச் சாப்பாடு முடிந்து வேலை சூடுபிடிக்கிற நேரம் எனக்குப் படுக்கப் போகிற நேரம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை. தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்த பிறகும், கேட்கிறவர் தன் பிரச்சினையை நாலு வரி எழுத மறுக்கிறாரே, அதில்தான் மனசு ஆறவில்லை.

1974-இல் ஐபிஎம்மைச் சேர்ந்த டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் குவெரி எழுதும் எஸ்க்யூஎல் மொழியைச் சீக்வல் என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார்கள். என்ன வேண்டும் என்று மனிதர் சொன்னால் போதும், எப்படித் தேடுவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் அடிப்படை. அப்படிப்பட்ட மொழியில் வேலை செய்கிறவர்களே என்ன வேண்டும் என்று சொல்லாவிட்டால் யார்தான் என்ன செய்வது?

அடிக்கடி வருவது, "தமிழ் சரியா வரல, எந்த ஃபான்ட் போடணும்?" என்ற கேள்வி. இதில் இரண்டு வியாதி இருக்கிறது. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஃபான்ட் இல்லை என்று அர்த்தம். தரவு பத்திரமாக உள்ளே இருக்கும். டேபிளுக்குள்ளேயே வரிசையாகக் கேள்விக்குறி இருந்தால் கதை வேறு. எஸ்க்யூஎல் சர்வரில் ஃபீல்டை என்வார்சார் என்று வைக்காமல் வெறும் வார்சார் என்று வைத்திருப்பார்கள். அல்லது ஃபீல்டைச் சரியாக வைத்துவிட்டு, இன்சர்ட் எழுதும்போது மேற்கோள் குறிக்கு முன்னால் போட வேண்டிய 'N' என்ற ஆங்கில எழுத்தை விட்டிருப்பார்கள். உள்ளே போகும்போதே தமிழ் அழிந்து நிஜமான கேள்விக்குறி சேமிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் எந்த ஃபான்ட் போட்டாலும் பெயர் திரும்பி வராது. மூலக் காகிதத்தைத் தேடிப் பிடித்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான். கட்டமா, கேள்விக்குறியா என்ற ஒரு சொல்லை முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். ஃபான்ட் மாற்றிப் பார்த்துக்கொண்டே வாரக்கணக்கில் பெயர்களை ஏற்றிய பிறகு வந்து கேட்கிறார்கள்.

இன்னொன்று தேதி. "தினசரி விற்பனை தப்பா வருது, குரூப் பை சரியான்னு பாருங்க" என்பார்கள். குரூப் பை சரியாகவே இருக்கும். கடை எந்த நாட்டில் என்று கேட்டால், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். கடை நியூசிலாந்தில் இருக்கும், நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். ஜூலை மாதத்தில் இங்கே சில்வியா பார்க் வணிக வளாகத்தில் திங்கள் காலை ஒன்பது மணிக்குப் போட்ட பில், யூடிசி கணக்கில் ஞாயிறு இரவு ஒன்பது மணி. மதியத்துக்கு முன் நடந்த விற்பனை முழுவதும் முந்தின நாளில் போய் விழும். இந்தியக் கடைத் தரவை வைத்துச் சோதிக்கிறவர் கண்ணில் இது படவே படாது. அங்கே காலை ஐந்தரைக்கு முன்னால் போட்ட பில்லுக்குத்தானே தேதி மாறும்! சரி என்று கையால் பன்னிரண்டு மணி நேரம் கூட்டிவிட்டு, செப்டம்பர் கடைசியில் கோடை நேரம் தொடங்கிப் பதின்மூன்றானதும் மறுபடி வருகிறார்கள். நேர மண்டலத்தின் பெயரைக் கொடுத்து மாற்றினால் இந்தக் கூத்தே இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம். கடை ஆக்லாந்தில் என்பதை அவரிடமிருந்து வாங்கத்தான் நள்ளிரவு ஆகிவிடும்.

இப்போது சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த குவெரியைத் தன்னுடையது போல அனுப்புகிறவர்களும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் டாப் என்று எழுத வேண்டிய இடத்தில் மைஎஸ்க்யூஎல்லின் லிமிட் நிற்கும். எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோகும்?

ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் நாலு பேருக்கு அனுப்புவது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஒருவரிடமிருந்து பதில் கிடைத்ததும் மற்ற மூவருக்கும் தகவல் இல்லை. நான் அதே மாதிரி டேபிள் உருவாக்கி ஓட்டிப் பார்த்து எழுதி அனுப்பினால், "சரியாயிடுச்சு அக்கா." எப்படிச் சரியானது? பதில் இல்லை. அதே சிக்கலில் அடுத்து மாட்டிக்கொள்கிற பிள்ளைக்கு அது உதவியிருக்கும்.

இவர்கள் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்டவனை "இதுகூடத் தெரியாதா?" என்று உட்கார வைத்துப் பழக்கியிருக்கிறோம். தெரியாததை மறைத்துக்கொண்டு கேட்கப் பார்க்கிறார்கள். என்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

மறைக்க வேண்டியதையோ மறைப்பதே இல்லை! மாதிரிக்கு ஐந்து வரி கேட்டால், வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், சம்பளம் எல்லாம் அடங்கிய எக்செல் கோப்பு அப்படியே வருகிறது. இந்தியாவில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே வந்துவிட்டது. இங்கே 2020-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முன்பின் பார்த்திராத எனக்கு ஊராரின் சம்பளக் கணக்கு எதற்கு? கிரியேட் டேபிள் வரி, நீங்களே இட்டுக்கட்டிய ஐந்து பெயர்கள், வர வேண்டிய விடை, எழுத்தாகவே நகலெடுத்த எரர். இவ்வளவு அனுப்புங்கள், எந்த நேரமானாலும் உட்கார்ந்து பார்க்கிறேன்.