கேட்ட பிறகே கேமரா!



தலைப்பைப் பார்த்ததும், "சினிமாவைப் பத்தி எழுத மெக்கானிக்கல் பொண்ணுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வேலை இருக்கிறது. இன்று நம் எல்லோர் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. ஆண்டு விழா வந்தால் குறும்படப் போட்டி. போட்டி என்றால் காதல் கதை. காதல் இல்லாத படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! காதல் கதை என்றால் கை பிடிப்பது, தோளில் சாய்வது, கட்டிப் பிடிப்பது எல்லாம் வரும். ஆக, இது கோடம்பாக்கத்துப் பிரச்சினை மட்டுமல்ல, நம் பிரச்சினையும்தான்.

இப்படிப்பட்ட காட்சிகளைப் படத்தில் காட்டலாமா, கூடாதா என்று நம் நாட்டில் நிறையவே பேசியாகிவிட்டது. 1968-ல் மத்திய அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி ஜி.டி. கோஸ்லா தலைமையில் தணிக்கை பற்றி ஆராய ஒரு குழுவையே அமைத்தது. கதைக்குத் தேவை என்றால் முத்தக் காட்சியை அனுமதிக்கலாம் என்று அது 1969-ல் சொன்னது. கலையா, ஆபாசமா என்ற அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள்? நடித்தவருக்கு முன்பே தெரியுமா? அவரிடம் கேட்டார்களா? இதை நாம் கேட்டதே இல்லை. நான் கேட்க வந்தது இதைத்தான்.

'புன்னகை மன்னன்' படத்தை டி.வி.யில் பார்க்காதவர் யார்? 1986-ல் வந்த படம். கே. பாலசந்தர் இயக்கம். காதலர்கள் அருவியிலிருந்து குதிக்கும் முன் ஒரு முத்தம் வரும். ரசித்தோம், கைதட்டினோம். ஆனால் அதில் நடித்த ரேகா, அந்த முத்தம் பற்றித் தனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்றும், தன் சம்மதத்தைக் கேட்கவில்லை என்றும், அப்போது தனக்குப் பதினாறு வயதுதான் என்றும் பேட்டியில் சொன்னார். அவர் சொன்னதை நாடு காதில் வாங்கியது 2020-ல். படம் வந்து 34 வருடம் கழித்து! பாலசந்தர் 2014-லேயே மறைந்துவிட்டார். அவர் பக்கத்தைக் கேட்க வழியில்லை. அவர் பெரிய இயக்குநர் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனால் பெரியவர் எடுத்த நல்ல படம் என்பதால் அந்தப் பெண்ணின் கேள்வி சின்னதாகிவிடுமா?

"முன்னாடியே சொல்லிட்டா இயல்பா வராதுப்பா, திடீர்னு செஞ்சாத்தான் நிஜமா இருக்கும்" என்று சிலர் வாதாடுவார்கள். இந்த வாதம் உள்ளூர்ச் சரக்கு மட்டுமல்ல. 1972-ல் வந்த 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' படத்தில் மரியா ஷ்னைடர் நடித்தபோது அவருக்கு 19 வயது. ஒரு வன்மமான காட்சியின் முழு விவரத்தை அவரிடம் மறைத்துவிட்டோம், நடிகையாக அல்ல, ஒரு பெண்ணாகவே அவர் அவமானத்தை உணர வேண்டும் என்று நினைத்தேன் என்று இயக்குநர் பெர்டோலுச்சி 2013-ல் தானே ஒப்புக்கொண்டார். அதைக் கேட்க ஷ்னைடர் உயிரோடு இல்லை. 2011-லேயே இறந்துவிட்டார். நண்பர்களே, நிஜமாகவே அவமானப்படுத்தி அதைப் படம் பிடிப்பதற்குப் பெயர் நடிப்பா?

சண்டைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீரோ மாடியிலிருந்து குதிக்கிறார். யாராவது சொல்லாமல் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார்களா? ஸ்டண்ட் மாஸ்டர் இருக்கிறார், கயிறு இருக்கிறது, கீழே மெத்தை இருக்கிறது. ஒன், டூ, த்ரீ என்று எண்ணிப் பழகிய பிறகுதான் டேக். அப்படி எடுத்தும் நமக்கு நிஜமாகத்தானே தெரிகிறது! பாட்டுக்கு டான்ஸ் மாஸ்டர் இருக்கிறார். நெருக்கமான காட்சிக்கு மட்டும் மாஸ்டரும் இல்லை, ஒத்திகையும் இல்லை என்றால் என்ன நியாயம்?

நம் ஒர்க் ஷாப்பில் லேத்தை ஆன் செய்யும் முன் சக் சாவியை எடுத்தாயா என்று கேட்பார்கள். நம் திறமையில் சந்தேகப்பட்டா கேட்கிறார்கள்? சுற்ற ஆரம்பித்த பிறகு கேட்டுப் பயனில்லை என்பதால்தான் கேட்கிறார்கள். கேமராவும் அப்படித்தான்.

வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு வேலை வந்துவிட்டது. 'இன்டிமஸி கோஆர்டினேட்டர்' என்று பெயர். நெருக்கமான காட்சிக்கு ஸ்டண்ட் மாஸ்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018-ல் அமெரிக்காவின் ஹெச்.பி.ஓ. நிறுவனம் 'தி டியூஸ்' தொடருக்கு, அதில் நடித்த எமிலி மீட் கேட்டுக்கொண்டதால் அலிசியா ரோடிஸ் என்பவரை இந்த வேலைக்கு வைத்தது. நம் நாட்டிலும் 2022-ல் வந்த 'கெஹ்ராயியான்' இந்திப் படத்துக்கு டார் கய் என்ற பெண் இயக்குநர் இந்தப் பொறுப்பை ஏற்றார். ஆஸ்தா கன்னா இந்தியாவில் முதன்முதலில் இதற்குச் சான்றிதழ் பெற்றவராக அறியப்படுகிறார்.

இவர்கள் என்ன செய்கிறார்கள்? எந்த இடத்தில் கை படலாம், எங்கே படக் கூடாது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைக்கிறார்கள். அசைவுகளை டான்ஸ் ஸ்டெப் போல எண்ணிப் பழக்குகிறார்கள். உடம்புக்கும் உடம்புக்கும் நடுவே மறைப்புத் துணி, பஞ்சு வைக்கிறார்கள். வேலை இல்லாதவர்களை வெளியே அனுப்புகிறார்கள். நடிப்பவர் "நிறுத்து" என்றால் நிறுத்துகிறார்கள். அவ்வளவுதான்! இதில் ராக்கெட் விடுகிற வித்தை எதுவும் இல்லை.

இது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. கேரள அரசு 2017-ல் அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019-ல் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். முன்பு சொல்லாத காட்சிகளைப் படப்பிடிப்பு தொடங்கிய பிறகு செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள் என்று நடிகைகள் அதில் சொல்லியிருக்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். நான் கொல்லிமலைக்காரி. போன வருடம் சீக்குப்பாறைப் பக்கம் வெளியூர்ப் பையன்கள் சிலர் குறும்படம் எடுத்தார்கள். மிளகு பறித்துவிட்டு வந்த நானும் அம்மாவும் நின்று பார்த்தோம். சும்மா நடந்து வருகிற ஷாட் என்றுதான் அந்தப் பெண்ணிடம் சொன்னார்கள். பாதியில் கதாநாயகன் அவளைச் சட்டென்று கட்டிப் பிடித்தான். அவள் திடுக்கிட்டு உதறினாள். "ரியாக்ஷன் சூப்பர்!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "காலேஜுல இதுதான் சொல்லிக் குடுக்கறாங்களா சாமி?"

இந்தக் கேள்வியின் கனம் உங்களுக்குப் புரிய வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் தங்கை இருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்து விநாடிப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் மலை ஏறினால் போதும், எழுபது கொண்டை ஊசி வளைவையும் நிமிஷத்தில் தாண்டிவிடும். பையனுக்கு அது கிண்டல். பெண்ணுக்குப் படிப்பே நின்றுவிடும். அவளுக்கு மட்டுமா? அந்தத் தெருவிலிருந்து அடுத்த பெண் பாலிடெக்னிக்குக்கு வரமாட்டாள்.

அதற்காகக் காதல் படமே எடுக்காதே என்றா சொல்கிறேன்? இல்லை! பெண்களை நடிக்கவே விடாதே என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். எடுங்கள், நன்றாக எடுங்கள். எங்கள் மலையில் கொல்லிப்பாவை கதை சொல்வார்கள், செய்து வைத்த பாவை தானாகச் சிரிக்குமாம். நடிக்க வரும் பெண் செய்து வைத்த பாவை அல்ல. பையனும் அல்ல, அவனுக்கும் கூச்சம் உண்டு, அவனையும் கேட்க வேண்டும்.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த குறும்படப் போட்டி விதிகளில் இந்த ஐந்தையும் சேருங்கள்.

1. தொடும் காட்சி எதுவானாலும் முழுக் கதையோடு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு வந்து புதிதாகச் சேர்க்கக் கூடாது.

2. நடிப்பவர் சரி என்று சொன்ன பிறகும் மனம் மாறலாம். காரணம் கேட்கக் கூடாது.

3. கேமரா இல்லாமல் ஒத்திகை. அந்த இடத்தில் நடிப்பவர் நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

4. எடுத்தது ஒரே போனில் இருக்க வேண்டும். வேண்டாத ஷாட்களை நடித்தவர் முன்னாலேயே அழிக்க வேண்டும்.

5. 18 வயது நிரம்பாதவர்களை, அதாவது நம் முதலாண்டு, இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளை, இப்படிப்பட்ட காட்சியில் நடிக்க வைக்கவே கூடாது.

மீறினால் எங்கே போவது? பெண்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்க வேண்டிய உள் புகார்க் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர் பெயர்களைப் போட்டி அறிவிப்பிலேயே போடுங்கள்.

எங்கள் மலைப் பஸ் டிரைவர் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் ஹாரன் அடிப்பார். பயந்தா அடிக்கிறார்? எதிரே வருபவரும் மனுஷர் என்பதால் அடிக்கிறார். இயக்குநர் நாற்காலியில் உட்காரப் போகும் நண்பர்களே, நீங்களும் முன்பே சொல்லுங்கள். கேளுங்கள். பிறகு "ஆக்ஷன்" சொல்லுங்கள்!

– மூன்றாம் ஆண்டு மாணவி, மெக்கானிக்கல்