மாலை விளையாட்டும் இரவுத் தூக்கமும்

மாலையில் உடம்பை வருத்தினால் இரவில் தூக்கம் கெடும் என்பது நமது பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டு வரும் பாடம். காலையில் ஒரு மணி நேரத்தைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளக் கூடியவர்களுக்காக எழுதப்பட்ட பாடம் அது. குருவிட்டவைச் சூழ்ந்த தோட்டங்களில் அத்தகையோர் அரிது. வெயில் ஏறினால் இறப்பர் மரத்தில் பால் குறையும். ஆகவே பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன்னே எழுந்தாக வேண்டும். அவிசாவளைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளைஞருக்கோ அதிகாலை பஸ். எஞ்சுவது மாலை ஒன்றுதான்.

அந்த மாலையில் அவர்கள் ஆடுவது கரப்பந்தாட்டம். 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட அதற்கு ஒரு வலையும் இரண்டு கம்பங்களும் போதும் என்பதே தோட்டத்துக்கு அது தந்த பெரிய வசதி. "ஆடிவிட்டு வந்து அலுப்பில் கிடக்கிறான், காலையில் எழும்புகிறானில்லை" என்று பெற்றோர் இதற்கும் தடை போடுகிறார்கள். தடுக்கப்பட்டவன் நேராகப் பாயில் போய்ப் படுத்துவிடப் போவதில்லை. கசிப்பு விற்கும் இடம் எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும்.

2018இல் சூரிச் ஆய்வாளர்கள் முன்னைய 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். மாலைப் பயிற்சி தூக்கத்தைக் கெடுக்கவில்லை. ஆழ்ந்த உறக்கம் சிறிது கூடியும் இருந்தது. படுக்கைக்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கடும் பயிற்சியே விலக்கு. உடலின் உட்சூடும் நெஞ்சுத் துடிப்பும் தணிந்தால்தான் உறக்கம் எளிதில் வரும். அதற்கு அவகாசம் வேண்டும். தோட்டத்தில் அந்த அவகாசத்தைச் சூரியனே கொடுத்துவிடுகிறது. ஆறரைக்கு இருட்டினால் பந்து தெரியாது. ஒன்பது மணிக்குப் படுப்பவனுக்கு இரண்டரை மணி நேரம் மிச்சம். மின்விளக்குப் போட்டு நள்ளிரவு வரை நடத்தும் சுற்றுப்போட்டிகளைப் பற்றிப் பெற்றோர் முறையிட்டால் நியாயம் உண்டு.

ஆட்டம் முடிந்ததும் பீலியில் உடம்புக்கு ஊற்றிக்கொள்வது நல்லது. (தலைக்கு ஊற்றாதே என்று பாட்டி தடுத்தால் தலையை விட்டுவிடலாம்.) இராச் சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் சாயம் ஏறிய பிளேன்டீயைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். தேயிலையிலுள்ள கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செல்லும். பந்தைக் குறை சொல்லும் வீட்டில் அந்தக் கோப்பையை எவரும் குறை சொல்வதில்லை.

இதற்கு மேலும் தூக்கம் வராவிட்டால், சூரிச்சின் படுக்கையறை வேறு, லயக் காம்பரா வேறு என்பதுதான் காரணம். இரத்தினபுரி மாவட்டத்தின் ஈரக் காற்றில் வியர்வை உலராது. பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரையின் கீழ், பாட்டி முதல் பேரன் வரை ஒரே காம்பராவில், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் கேட்கும் சுவரோரம் படுப்பவனுக்கு எந்தப் பயிற்சியும் உறக்கம் தராது.

பெண் பிள்ளைகளுக்கோ இந்த மாலையும் இல்லை. வேலையால் வந்தவுடன் விறகு, தண்ணீர், அடுப்பு. ஆட வராத அவர்களும்தான் அதே நான்கு மணிக்கு எழுகிறார்கள். அவர்களுடைய தூக்கத்தைப் பற்றி இதுவரை எந்தத் தகப்பனும் முறையிட்டு நான் கேட்டதில்லை.