“மனம் வைத்தால் விட்டுவிடலாம்” என்பார்க்கு ஒரு மறுப்பு



நம் பள்ளிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு நிகழ்ச்சி நடக்கும் போதெல்லாம் ஒரே உரைதான் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. “மன உறுதி உள்ளவன் விட்டுவிடுவான்; மறுபடியும் போய் விழுகிறவன் சூடு சொரணை அற்றவன்!” மாணவர்கள் கைதட்டுகிறார்கள். அந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் அண்ணனோ அப்பாவோ மறுவாழ்வு மையத்தில் இருக்கக்கூடும் என்று பேச்சாளர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது போகட்டும். சொல்லப்படும் செய்தியாவது சரியானதா? இல்லை என்பதே என் வழக்கு.

கொக்கேய்னைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் அதைவிட ஷாபுவே மிகுதி என்பது உண்மை. இரண்டும் மூளையின் டோபமின் என்னும் வேதிப்பொருளைப் பற்றியே ஆட்டுகின்றன. கொக்கேய்னின் பின்விளைவுகளோ மிக நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளன. ஒரு நரம்பணு டோபமினை வெளியிட்டு, அடுத்த அணுவுக்குச் செய்தி சொல்லி, வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கொக்கேய்ன் அந்த உறிஞ்சும் வாயிலை அடைத்துவிடுகிறது. இடைவெளியில் தேங்கிய டோபமின் அடுத்த அணுவை விடாமல் தட்டுகிறது. அந்தக் களிப்பு ஒரு மணி நேரங்கூட நிலைப்பது அரிது. அதன் பிறகு எஞ்சுவதுதான் நம் கவலை.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் நோரா வோல்கோவ் குழுவினர் கொக்கேய்ன் அடிமைகளின் மூளையைப் படமெடுத்து 1993-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். டோபமினை வரவேற்கும் டி2 ஏற்பிகள் அவர்களிடம் குறைந்திருந்தன. பழக்கத்தை நிறுத்தி மூன்று நான்கு மாதங்கள் சென்ற பின்னும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அக்குறைவோடு சேர்ந்து, எதைச் செய்யலாம் எதைத் தவிர்க்கலாம் என்று எடைபோடும் முன்மூளைப் பகுதியின் செயற்பாடும் தாழ்ந்திருந்தது. நாம் “மன உறுதி” என்று எதைக் கேட்கிறோமோ, அதற்கான உறுப்பே நலிந்து கிடக்கிறது! கால் முறிந்தவனைப் பார்த்து, “எழுந்து ஓடு, உனக்கு மனமில்லை” என்று யாரேனும் சொல்வோமா?

இன்னும் வியப்பானது 2001-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த எலி ஆய்வு. கொக்கேய்னைத் தாமே எடுத்துப் பழகிய எலிகளிடமிருந்து அதை அகற்றினார்கள். நாள் ஆக ஆக வேட்கை தணிந்திருக்க வேண்டுமல்லவா? அறுபது நாள்வரை அது வளர்ந்துகொண்டே போயிற்று! பழைய அடையாளத்தைக் கண்டதும் முதல் நாளைவிட வெறியோடு நெம்புகோலை அழுத்தின. 2008-இல் காரணமும் தெரிந்தது. விலகியிருந்த அந்த நாள்களில், குளூட்டமேட் செய்தியை வாங்கும் புதுவகை ஏற்பிகள் நரம்பணுக்களில் முளைத்து, சிறு தூண்டலையும் பெரிதாக்கிக்கொண்டிருந்தன.

எலிக்கும் மனிதனுக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். 2016-இல் வெளியான ஆய்வொன்று கொக்கேய்னை நிறுத்திய மனிதர்களின் மூளை மின்னலைகளை அளந்தது. “ஆசை குறைந்துவிட்டது” என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால், கொக்கேய்ன் தொடர்பான படங்களுக்கு மூளை காட்டிய எதிர்வினை, நிறுத்தி ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள்தான் உச்சத்தில் இருந்தது. “இனித் தொட மாட்டேன்” என்று தாயிடம் சத்தியம் செய்பவன் பொய் சொல்லவில்லை, ஐயா! அவன் அறியாத ஒன்று அவனுள் விழித்திருக்கிறது.

மறுபுறம், அச்சுறுத்தியே திருத்திவிடலாம் என்பாரும் உளர். 1987-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றி, “போதையில் உன் மூளை இதுதான்” என்று விளம்பரம் செய்தார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, அறிவியல் அதுவன்று. நரம்பணு வறுபடவில்லை, அது கற்றுக்கொள்கிறது. மாணவன் வாய்பாட்டை மனத்தில் பதிக்கும்போது நரம்பணு இணைப்புகள் எப்படி வலுப்பெறுகின்றனவோ, ஏறத்தாழ அப்படியே இதுவும் பதிகிறது. ஆசிரியர்களாகிய நமக்கு இது விளங்காமல் போகுமா?

“அப்படியானால் அவன்மேல் குற்றமே இல்லையா?” என்று ஒரு பெற்றோர் கேட்கலாம். முதன்முறை கை நீட்டியது அவன் தெரிவுதான், அதை மறுக்கவில்லை. அதனால்தான் தடுப்புக் கல்வி வேண்டும் என்கிறேன். விழுந்தபின் வசையைத் தவிர நம்மிடம் வேறொன்றும் இல்லை என்பதே என் குறை.

கொக்கேய்ன் அடிமைத்தனத்திற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்றுவரை எந்த மருந்தையும் ஏற்கவில்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990-களில் வேறொரு வழி கண்டார். சிறுநீர்ச் சோதனையில் தூய்மை தெரிந்தால் பொருள் வாங்கும் பற்றுச்சீட்டு. தொடர்ந்து தூய்மையாக இருந்தால் அதன் மதிப்பு கூடும். மற்ற முறைகளைவிட இது நல்ல பலன் தந்தது. “போதைப்பித்தனுக்குப் பரிசா?” என்று நம்மவர் கொதிப்பர். வசை எத்தனை பேரை மீட்டது என்று அவர்கள் முதலில் சொல்லட்டும்.

மையத்திலிருந்து மகன் திரும்பி வந்தால், “குணமாகிவிட்டான்” என்று உறவினருக்கு விருந்து வைத்துவிட்டு, மறுவாரமே பழைய கூட்டாளிகள் கூடும் தெருவுக்கு அவனைத் தனியே அனுப்பாதீர்கள். முதல் ஆறு மாதங்கள் கையில் மொத்தமாகப் பணம் புழங்க வேண்டா. சறுக்கினால் வாசலில் நிறுத்தி ஏசாமல், அன்றே ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.