சொல்லாமல் காத்தவன்

காதலிக்காக யாரிடமும் சொல்லாமல் துன்பப்படும் ஆணை நாம் எல்லாக் கதைகளிலும் கொண்டாடியே பழகிவிட்டோம். அவளுக்காக அடி வாங்குவான், பழி சுமப்பான், அவளுடைய வெறுப்பைக்கூட வாய் திறக்காமல் தாங்கிக்கொள்வான். கடைசியில் உண்மை வெளிப்படும்போது அவள் உடைந்து அழுவாள். பார்க்கிற நாமும் அழுவோம். 2017 ஜனவரி இறுதியில் சீனாவில் ஒளிபரப்பாகத் தொடங்கி, ‘எடர்னல் லவ்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த 58 அத்தியாயத் தொடரின் நாயகன் யே ஹுவாவையும் பெரும்பாலான ரசிகர்கள் இந்த வரிசையில்தான் வைக்கிறார்கள். டாங் சி எழுதிய நாவலைத் தழுவி லின் யூஃபென் இயக்கிய அந்தத் தொடரில் யாங் மியும் மார்க் சாவும் இணைந்து நடித்த காதல், சீனத் தேவலோகக் கதைகளிலேயே ஆகச் சிறந்தது என்று நானும் சொல்வேன். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம் வேறு. அந்த மௌனத் தியாகத்தை இத்தொடர் புகழவில்லை. அதைக் குற்றமாகப் பதிவு செய்து, தீர்ப்புச் சொல்லும் உரிமையைப் பாதிக்கப்பட்டவள் கையிலேயே கொடுக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாய் சியன் ஒன்பது வால் வெண்ணரிக் குலத்தின் இளவரசி. ஆண் வேடத்தில் சி யின் என்ற பெயரோடு குன்லுன் மலையில் போர்த்தெய்வம் மோ யுவானிடம் பாடம் பயின்றவள். பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அரக்க வேந்தன் சிங் சாங்கோடு மோதியதில் சக்தி, முகம், நினைவு மூன்றும் பூட்டப்பட்டு மனித உலகில் ஜுன்ஜி மலையில் வந்து விழுகிறாள். தான் யார் என்றே அறியாத சாதாரணப் பெண்ணாக, சூசூவாக, அங்கே வாழ்கிறாள். காயம்பட்டுக் கிடந்த ஒரு கருநிறப் பாம்பை எடுத்து வந்து பராமரிக்கிறாள். அது வானுலகின் பட்டத்து இளவரசன் யே ஹுவா. இருவரும் மலையையும் மண்ணையும் சாட்சியாக வைத்து மணம் முடிக்கிறார்கள். போரில் செத்துப்போனதாக நடித்துவிட்டு அவளோடு மலையிலேயே இருந்துவிடலாம் என்பது யே ஹுவாவின் திட்டம். அந்தத் திட்டத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. திட்டம் கெட்டுப்போகிறது. கர்ப்பிணியான சூசூ வானுலகத்துக்குக் கொண்டுவரப்படுகிறாள்.

அதற்குப் பிறகு அவன் எடுக்கும் முடிவுதான் இந்தக் காதலின் மையம். பாட்டனாரான வானப் பேரரசரின் பார்வை அவள்மீது விழக்கூடாது என்பதற்காக, அவளைப் பொருட்படுத்தாதவன் போல நடந்துகொள்கிறான். அருகில் இருந்தும் பேசுவதில்லை. அந்த அலட்சியம் நடிப்பு என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். தெரிய வேண்டிய ஒருத்திக்கு மட்டும் தெரியாது. கணவன் கைவிட்ட பெண் என்று மாளிகை முழுக்க நம்பும்போது, அவளை யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம் என்றாகிறது. இளவரசி சூ ஜின் நடத்தும் சதி அந்த இடைவெளியில்தான் நுழைகிறது. வானுலகின் ஜூசியன் மேடையிலிருந்து சூசூ தன்னைத் தள்ளிவிட்டதாகவும் அதில் தன் கண்கள் போனதாகவும் சூ ஜின் பழி போடுகிறாள். அதற்கு ஈடாகச் சூசூவின் கண்களைக் கொடுக்க வேண்டும் என்று ஆணை வருகிறது. அதை நிறைவேற்றுபவன் யே ஹுவா. பாதுகாப்பதற்காகப் போட்ட வேடம், பாதுகாக்க நினைத்தவளின் கண்ணைத் தன் கையாலேயே பறிக்கும் இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்த வரிசையைத் தொடர் தற்செயலாக அமைக்கவில்லை. ஒவ்வொரு படியும் முந்தைய மௌனத்திலிருந்துதான் பிறக்கிறது.

இங்கே ஒரு பொருளைக் கவனிக்க வேண்டும். மலையை விட்டுப் போகும்போது யே ஹுவா அவளுக்கு ஒரு வெண்கலக் கண்ணாடி கொடுத்திருப்பான். அதை வைத்து எங்கிருந்தும் அவனோடு பேச முடியும். பேசுவதற்கு வழியில்லாமல் பிரிந்த காதலர்கள் இல்லை இவர்கள். கைக்கடக்கமான கருவி கூடவே இருந்தது. பிள்ளை பெற்ற பிறகு, கண்ணில் வெள்ளைத் துணி கட்டிய சூசூ ஜூசியன் மேடையின் விளிம்புக்குத் தடவித் தடவி வந்து நின்று, அந்தக் கண்ணாடி வழியாகத்தான் அவனிடம் விடை பெறுகிறாள். அவன் பதறி ஓடி வருவதற்குள் குதித்துவிடுகிறாள். அவனும் பின்னாலேயே குதிக்கிறான். பல ரசிகர்கள் அவன் குதித்ததைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கண்ணாடிதான் முக்கியமாகப் படுகிறது. அத்தனை நாள் எதற்கும் உதவாமல் கிடந்து, எல்லாம் முடிந்த பிறகு மட்டும் பயன்பட்ட ஒரு கண்ணாடியைக் காட்டிவிட்ட பிறகு, இந்தக் காதல் எதனால் தோற்றது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

“அவனுக்கு வேறு வழி இருந்ததா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வானப் பேரரசரின் பேச்சுக்கு மறுபேச்சில்லாத அவை அது. ஒரு மானுடப் பெண்ணுக்காகப் பட்டத்து இளவரசன் வெளிப்படையாக நின்றிருந்தால் அவள் உயிரே போயிருக்கலாம். ஊருக்கு முன்னால் அவன் நடித்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு நடிப்பதும் மனைவிக்கும் சேர்த்து நடிப்பதும் ஒன்றா? கதவைச் சாத்திக்கொண்டு அவள் காதோடு இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவன் பயந்திருக்கக்கூடும். அப்படியென்றால் அவளால் ஒரு ரகசியத்தைத் தாங்க முடியாது என்று அவளைக் கேட்காமலே அவன் முடிவு செய்திருக்கிறான். தனியாகக் காட்டில் வாழ்ந்தவள், அடிபட்ட பாம்பைக்கூடப் பயமில்லாமல் தூக்கி வந்தவள் அவள். தன் நிலை என்ன என்று தெரிந்தவளாக அந்த அரண்மனையில் நடமாடியிருந்தால், சூ ஜினின் வலையில் அவ்வளவு எளிதாக விழுந்திருப்பாளா?

இதற்கு அடுத்த பிறவியைத் தொடர் கட்டியிருக்கும் விதம்தான் என் வாதத்துக்குப் பெரிய ஆதாரம். மேடையிலிருந்து விழுந்ததில் சிங் சாங்கின் பூட்டு உடைகிறது. சூசூ மீண்டும் பாய் சியன் ஆகிறாள். வலியைத் தாங்க முடியாமல் மருத்துவரான ஜே யானிடம் மறதி மருந்து வாங்கிக் குடித்துவிடுகிறாள். முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கீழைக்கடல் அரண்மனையில் யே ஹுவா அவளைப் பார்க்கிறான். வெளிச்சம் கூசாமல் இருக்க அவள் கண்ணில் வெள்ளைப் பட்டுத் துணி கட்டியிருக்கிறாள். கடைசியாக அவளைப் பார்த்ததும் கண்கட்டோடுதான். இப்போது நிலைமை முழுக்கத் தலைகீழ். அவளுக்கு வயது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அவனுக்கு வெறும் ஐம்பதாயிரம். அவள் சிங்சியு நாட்டின் தலைவி. அங்கே எல்லோரும் அவளை ‘அத்தை’ என்றுதான் மரியாதையாக அழைக்கிறார்கள். அவனுக்குத்தான் பழைய நினைவு பாரமாக இருக்கிறது; அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதே இரண்டு பேர், அதே ஈர்ப்பு. மாறியது அவர்களுக்கிடையே இருந்த அதிகாரம் மட்டும்தான்.

சிங்சியுவின் நரிக்குகையில் அவன் தங்கும் அத்தியாயங்களை இத்தொடரின் மிக அழகான பகுதியாக நான் மதிக்கிறேன். வானுலகின் பட்டத்து இளவரசன் அடுப்படியில் நின்று சமைக்கிறான். உதவியாளர் மூட்டையாகக் கொண்டுவரும் அரசாங்க ஓலைகளை அவளுடைய வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்திடுகிறான். மகன் ஆ லி இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி விளையாடுகிறான். பெரிய போர் இல்லை, மந்திரம் இல்லை, பறக்கும் வாள் இல்லை. வானுலக மாளிகையில் அவள் அவனுடைய விருந்தாளியாகக்கூட இருந்ததில்லை, கைதியாக இருந்தாள். இங்கே அவன் அவளுடைய வீட்டு விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறான். அவளுக்குச் சாப்பிட என்ன பிடிக்கும், எப்போது கோபம் வரும், எதைக் கேட்டால் சிரிப்பாள் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். அவளாக மனம் இளகும்வரை காத்திருக்கிறான். மார்க் சாவ் இந்தக் காட்சிகளில் பெரிதாக எதையும் செய்வதில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். அந்தப் பார்வையில் முந்நூறு ஆண்டு ஏக்கம் இருக்கிறது, உரிமை கொண்டாடும் சாயல் துளியும் இல்லை.

எல்லாமே விதிதானே என்று சொல்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். தொடரின் சீனத் தலைப்பிலேயே மூன்று பிறவி இருக்கிறது. பாய் சியனுக்கும் வானுலகப் பட்டத்து இளவரசனுக்கும் திருமண ஒப்பந்தமும் ஏற்கெனவே உண்டு. முதலில் அவளுக்கு நிச்சயமான இரண்டாம் இளவரசன் அவளுடைய பணிப்பெண்ணோடு போய்விட்டதால், அந்த ஒப்பந்தம் பட்டத்து இளவரசன் தலையில் வந்து விழுந்தது. ஆனால் இந்த ஒப்பந்தத்தால் ஏதாவது நல்லது நடந்ததா? ஜுன்ஜி மலையில் அவர்கள் கலந்தபோது தாம் ஒருவருக்கொருவர் நிச்சயிக்கப்பட்டவர்கள் என்பது இருவருக்குமே தெரியாது. விதி அவர்களை ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்தது; அவள் கண்ணைக் காப்பாற்றவில்லை. இரண்டாம் முறை சேர்த்தபோதும் காதலை ஊட்டிவிடவில்லை. ஒப்பந்தப் பெண் என்ற உரிமையை வைத்து அவளை அடைய யே ஹுவா முயன்றிருந்தால், வயதைக் காரணம் காட்டி வேறு இளம்பெண்ணை அவனுக்குப் பார்க்கச் சொல்லியிருப்பாள் பாய் சியன். ஒரு கட்டத்தில் அப்படித்தான் நினைக்கவும் செய்கிறாள்.

பழைய நினைவு திரும்பும் கட்டத்துக்கு வருவோம். சாதாரணக் கதையாக இருந்தால், அவன் பட்ட துன்பமெல்லாம் புரிந்து அவள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். பாய் சியன் செய்வது வேறு. நேராகச் சூ ஜினின் இருப்பிடத்துக்குப் போகிறாள். தன் கண்களைத் திருப்பிக் கேட்கிறாள். அலறல் இல்லை, நீண்ட வசனம் இல்லை. கொடுத்த பொருளைத் திரும்ப வாங்க வந்தவள் போன்ற நிதானம். தன் கையாலேயே எடுத்துக்கொள்கிறாள். யே ஹுவாவிடம் நியாயம் கேட்டுப் போகவில்லை, அவன் அனுமதியையும் நாடவில்லை. சூசூவாகக் கெஞ்சியும் கிடைக்காத நீதியைத் தானே நிறைவேற்றிக்கொண்டு சிங்சியுவுக்குத் திரும்பிவிடுகிறாள். அவன் சிங்சியுவின் வாசலில் வந்து நாள்கணக்கில் நிற்கிறான், பார்க்க மறுக்கிறாள். அவள் மனம் கல்லாகிவிட்டதால் மறுக்கவில்லை. அவனை நேசிக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும், அவன் செய்ததை மறக்க முடியாது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்தே சுமக்கும் அந்த முகத்தை யாங் மி அபாரமாகக் கொண்டுவந்திருக்கிறார். சூசூவின் கலங்கிய பார்வையும் பாய் சியனின் அலட்சியப் புன்னகையும் அந்த அத்தியாயங்களில் ஒரே முகத்தில் மாறி மாறி வருகின்றன.

கண்ணைப் பறித்தவனை மன்னிக்கவே கூடாது, இந்தத் தொடர் கொடுமையை அழகுபடுத்துகிறது என்று ஒரு கடுமையான விமர்சனம் உண்டு. இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் வருந்தி வந்து நிற்கும் எந்த ஆணையும் ஏற்றுக்கொள்ளும் கதை இது இல்லை என்பதற்கு, இதே தொடரில் லி ஜிங் இருக்கிறான். சி யினாக இருந்த காலத்தில் அவள் நேசித்த அரக்கக் குலத்து இளவரசன். அவளுடைய முகத்தையே கடன் வாங்கிக்கொண்ட இன்னொருத்தியோடு சேர்ந்து அவளுக்குத் துரோகம் செய்தவன். எழுபதாயிரம் ஆண்டுகள் கழித்து மனம் வருந்தி வருகிறான். அவன் வருத்தம் பொய் இல்லை. பாய் சியன் அதைக் கேட்டுவிட்டு, முடிந்தது முடிந்ததுதான் என்று அனுப்பிவிடுகிறாள். குற்றத்தின் அளவை மட்டும் பார்த்தால் யே ஹுவா செய்ததுதான் பெரிது. ஆனாலும் அவனுக்கு ஏன் கதவு முழுக்க அடைபடவில்லை? லி ஜிங் தன் வருத்தத்தை மட்டும்தான் கொண்டுவந்தான். யே ஹுவா அவள் வீட்டில், அவள் சொல்படி, அவளைச் சமமாகவும் மூத்தவளாகவும் ஏற்று வாழ்ந்து காட்டியிருந்தான். நரிக்குகையின் அடுப்படி இல்லாவிட்டால் அவனும் லி ஜிங்கின் வரிசையில்தான் நின்றிருப்பான்.

என் வாதத்துக்கு எதிரான சான்றையும் மறைக்கக்கூடாது. யே ஹுவா முழுக்கத் திருந்திவிட்டானா? இல்லை. பாய் சியன் எழுபதாயிரம் ஆண்டுகள் தன் இதய ரத்தத்தால் காத்த, உயிரற்றுக் கிடக்கும் குரு மோ யுவானைக் கண்விழிக்கச் செய்வதற்காக, கொடிய காவல் விலங்குகளோடு போரிட்டு மூலிகை கொண்டுவருகிறான். அதில் ஒரு கையை இழக்கிறான். தன் தவ வலிமையையும் அதில் கொட்டி மருந்தாக்குகிறான். அவளுடைய கடனைத் தானே அடைக்கிறான். வழக்கம்போல் அவளிடம் சொல்வதில்லை. பழைய நோய் இன்னும் இருக்கிறது. வேறுபாடு அவள் பக்கத்தில்தான். சூசூவால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பாய் சியன் விஷயத்தை அறிந்துகொள்ளும் இடத்தில் இருக்கிறாள், கேட்கும் அதிகாரமும் அவளுக்கு இருக்கிறது.

தொடரின் இறுதிப் பகுதியில்தான் எனக்குக் குறை. அவள் கோபம் தீராத நிலையிலேயே சிங் சாங் மீண்டும் வெளிப்படுகிறான். யே ஹுவா தன் உயிரைக் கொடுத்து அவனை அழிக்கிறான். அவள் ஓடிவந்து அவன் உடலை மடியில் போட்டுக்கொண்டு கதறுகிறாள். பிறகு சிங்சியுவில் அவன் ஆடைகளைப் புதைத்து ஒரு கல்லறை, மூன்று ஆண்டுத் துக்கம், அவன் மீண்டு வருதல், பீச் மலர்களுக்கு நடுவே சந்திப்பு. அழகான காட்சிகள்தான், அழ வைப்பவைதான். ஆனால் சாவு ஒரு வழக்கை முடித்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. இறந்தவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சிங்சியு வாசலில் அவன் காத்து நின்றபோது நடந்திருக்க வேண்டிய பேச்சு கடைசிவரை நடக்கவே இல்லை. 58 அத்தியாயங்களோடு இன்னும் ஒன்றைச் சேர்க்க முடியுமானால், போரும் சாவும் இல்லாத அந்த அத்தியாயத்தில் அவள் வாசலைத் திறந்துவிட்டு உட்கார வேண்டும். வானுலக மாளிகையில் என்ன நினைத்தான், எதற்குப் பயந்தான், ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று அவன் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். முழுக்கக் கேட்டுவிட்டு, அவனை உள்ளே விடுவதா திருப்பி அனுப்புவதா என்பதை அவள் முடிவு செய்திருக்க வேண்டும்.