காட்டிக்கொடுத்தலும் 'கிவ் அவே'யும்

காட்பாடி–திருப்பதி இருப்புப்பாதையிலிருந்து தருமாவரம் கிளை பிரியும் சந்திப்பு பாகாலா. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப்புற ஊர்களுள் ஒன்று. இரு மொழி அறிந்து வளரும் அவ்வூர் மாணவரிடமும் 'கிவ் இன், கிவ் அவே, ஃபைண்ட் அவுட்' என்றொரு பட்டியலை நீட்டி, "இவற்றுக்கு விதியில்லை, மனப்பாடம் செய்க" என்பதே வகுப்பறை வழக்கம். தாய்மொழி இங்கே உதவாது என்பது அதன் உட்கிடை. இது பிழையான எண்ணம்.

'கொடு' என்பதன் பொருள் யாவரும் அறிந்தது. ஆயினும் 'விட்டுக்கொடு' என்னுமிடத்து எப்பொருளும் கைமாறுவதில்லை; இணங்குதலே நிகழ்கிறது. 'காட்டிக்கொடு' என்றால் துரோகம் வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் 'கிவ்' என்பதோடு 'இன்' சேர முன்னதற்கு நெருங்கிய பொருளும், 'அவே' சேர மறைவை வெளிப்படுத்தும் பொருளும் பிறக்கின்றன. (இலவசமாக வழங்குதல் என்பது 'அவே'யின் மற்றொரு முகம்.) உறுப்புகளின் பொருளைக் கூட்டினால் முழுமையின் பொருள் கிடைக்காது என்னும் உண்மையைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்கு வருமுன்னரே அறிந்திருக்கிறது.

'கண்டுபிடி' இன்னும் சுவையானது. தெலுங்கில் அது 'கனிபெட்டு'. பிரித்தால் 'கண்டு வை'. ஒருமொழி பிடிக்கிறது, மறுமொழி வைக்கிறது. கை இரண்டிலும் இல்லை. ஆனால் ஆங்கிலம் இங்கே ஒரு கோடு கிழிக்கிறது. தொலைந்த பேனாவைக் கண்டுபிடித்தால் வெறும் 'ஃபைண்ட்'. பேனாவை எடுத்தவர் யாரென்று கண்டுபிடித்தால் 'ஃபைண்ட் அவுட்'. தமிழ் ஒரே வினையால் சொல்லும் இரண்டையும் எதிரெதிரே வைத்துக் காட்டும் ஆசிரியர், பட்டியலில் பத்து வரிகளைக் குறைக்கலாம்.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. தமிழில் இணைவது வினையோடு வினை. ஆங்கிலத்தில் வினையோடு இடைச்சொல் போன்றதொரு சிறு சொல். 'விட்டே கொடுக்க மாட்டான்' எனத் தமிழ் நடுவில் ஓர் ஏகாரத்துக்கு இடம் தரும். ஆங்கிலமோ பல தொடர்களில் செயப்படுபொருளையே நடுவில் அமர்த்தும், அது சுட்டுப்பெயராயின் அங்குதான் அமர்த்தும். இந்த வரிசையைத் தனியே பயிற்றத்தான் வேண்டும்.

2019 நவம்பரில் ஆந்திர அரசு பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணையிட்டது; 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு பயிற்றுமொழியைப் பற்றியது. எவ்வழியில் படித்தாலும் ஆங்கில வகுப்பு இருக்கும். அங்கே தமிழும் தெலுங்கும் வாசலோடு நிறுத்தப்படுவதைக் கேட்க எந்த வழக்கும் தேவையில்லை, ஆசிரியர் 'கண்டுபிடி'யைக் கரும்பலகையில் எழுதினால் போதும்.