கடற்காற்று கூட்டிப் பெருக்காது

“நாம என்ன டெல்லியா? நமக்குத்தான் கடல் இருக்கே!” சென்னையில் காற்று மாசு என்று பேச்செடுத்தால் இப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்த வாக்கியமும் தயாராக இருக்கும்: “அதெல்லாம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாக்குற வேலை. குப்பை அள்ளுற மாநகராட்சி என்ன செய்யும்?”

கடற்காற்று பகலில்தான் கரையேறும். இரவில் திசை மாறிவிடும். மார்கழி, தை விடியலில் பல நாள் அசைவே இருக்காது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் விமானங்கள் இங்கே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. கடல் அன்றைக்கும் இருந்தது. எண்ணூரில் அனல்மின் நிலையங்களே கடலோரத்தில்தான் நிற்கின்றன. அங்கே கடற்காற்று வீசினால் புகை ஊருக்குள்தான் வரும்.

காற்றுத் தரக் குறியீடு பச்சை காட்டுகிறதே என்பார்கள். பிஎம் 2.5 என்னும் நுண்துகள் ஒரு நாள் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தாலும் நம் குறியீட்டில் அது ‘திருப்திகரம்’. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த அளவு 15. யாருக்குத் திருப்தி என்று தெரியவில்லை.

சரி, மாநகராட்சிக்கு வருவோம். 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் அதிகாரத்தை வாரியத்திடம்தான் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் புழுதி எங்கிருந்து கிளம்புகிறது? சென்டர் மீடியன் ஓரமாகத் தூய்மைப் பணியாளர் மண்ணைக் கூட்டிக் குவிக்கிறார். அள்ள வண்டி வரவில்லை. நாலு லாரி போனதும் குவியல் மறுபடி சாலையாகிவிடுகிறது. வண்டி வராத தெருவில் சருகுக்கும் பிளாஸ்டிக்குக்கும் யாரோ தீ வைக்கிறார்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்கின்றன. அபராதம் போட வேண்டியது உள்ளாட்சிதான். 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்த பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வாரியத்துடையதா? மாநகராட்சியுடையது. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் காற்றைச் சீராக்கவென்றே பதினைந்தாவது நிதிக்குழு மானியம் ஒதுக்கியது. சென்னையும் அதில் உண்டு. பணம் வரும்போது மாநகராட்சியின் வேலை, புகை வரும்போது வாரியத்தின் வேலையா?

காற்றை அளக்கக் கோடிக்கணக்கில் செலவாகும் என்பதும் பாதி உண்மைதான். பிரிட்டனில் 1995-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டப்படி தம் பகுதிக் காற்றை ஆராய்ந்து பார்ப்பது உள்ளூர் மன்றங்களின் கடமை. லண்டனில் விளக்குக் கம்பங்களில் விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டிவைத்து, மாதம் ஒருமுறை கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். மின்சாரம் வேண்டாம். நைட்ரஜன் டை ஆக்சைடை மட்டுமே அளக்கும், தூசியை அளக்காது. ஆனாலும் எந்தத் தெரு மோசம் என்று சொல்லிவிடும். அளவு வரம்பு மீறினால் அந்தப் பகுதியை அறிவித்துச் செயல்திட்டம் போட்டாக வேண்டும். 200 வார்டு உள்ள சென்னையில் கண்காணிப்பு நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போனால் கவுன்சிலரிடம் கேளுங்கள்: குப்பை எரித்ததற்கு நம் வார்டில் போன மாதம் எத்தனை பேருக்கு அபராதம்? கூட்டிய மண்ணை எந்தக் கிழமை அள்ளுகிறார்கள்? அதுவரை, தெருவில் குப்பை எரிந்தால் 1913-க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.