நோயாளியின் வீட்டில் தண்ணீரும் மருந்தே

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் மூன்று. மாத்திரைகளை எப்போது கொடுப்பது? எதை உண்ணலாம்? மறுபடியும் எப்போது வர வேண்டும்? “எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினோம்?” என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வோர் மிகச் சிலரே. அக்கேள்வியும் மருந்துச் சீட்டுக்கு நிகரானது என்பது எமது கருத்து.

2022 ஜூலை மாதத் தொடக்கத்தை நெடுங்காட்டு மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். காரைக்கால் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்கினால் பாதிக்கப்பட்டனர். காலரா உறுதி செய்யப்பட்டது. புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறை பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது, பள்ளிகள் மூடப்பட்டன. காய்ச்சிய நீரையே பருகுங்கள் என்பது அப்போது ஊரெங்கும் ஒலித்த அறிவுரை. ஆபத்து நீங்கியதும் அறிவுரையும் மெல்ல மறைந்தது.

தூய குடிநீர் வழங்குவது அரசின் கடமைதானே என்று சிலர் கேட்கலாம். ஐயமின்றி அரசின் கடமையே. அதனைக் கேட்டுப் பெறுவது நமது உரிமை. ஆயினும் குழாயில் நீரோட்டம் நிற்கும் வேளையில், கசிவுள்ள இடங்கள் வழியே வெளி அழுக்கு உள்ளே இழுக்கப்படலாம். அந்நீர் நமது தொட்டியை அடைந்தபின் அதற்குப் பொறுப்பு நம்முடையது. நோயினால் எதிர்ப்பாற்றல் குன்றியவர் அத்தொட்டியின் நீரையே நம்பி வாழ்கிறார்.

தெளிந்த நீர் தூய நீர் என்ற எண்ணம் பிழையானது. தொட்டியின் சுவரில் படியும் வழவழப்பான படலத்தில் கிருமிகள் ஒளிந்து வாழ்கின்றன. இடப்படும் குளோரினை அப்படலமே தின்று தீர்த்துவிடுகிறது. 1999-இல் நெதர்லாந்தில் நடந்த மலர்க் கண்காட்சி ஒன்றில், காட்சிக்கு வைத்த வெந்நீர்த் தொட்டியின் சாரலை மூச்சில் இழுத்தோரிடையே லெஜியோனெல்லா நோய் பரவியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நீரை எவரும் பருகவில்லை. வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரும் கவனக்குறைவும் சேர்ந்தால் விளையும் கேடு அது. வெயிலில் காயும் நமது மாடித் தொட்டிக்கும் இப்பாடம் பொருந்தும்.

ஆகவே முதலில் தொட்டியைக் காலி செய்து, மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்து, உட்சுவர்களை நன்கு தேய்த்துக் கழுவுங்கள். பின்பு நீரை நிரப்பி, 1000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில், அதனை ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்துங்கள். திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும். அளவில் ஐயமிருப்பின் சுகாதார ஊழியரிடம் கேளுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டுடன் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு எழும். தொட்டியின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். இல்லையேல் டெங்குக் கொசுவுக்கு அதுவே தொட்டிலாகும்.

குளோரின் வாடை பிடிக்கவில்லை என்போரிடம் ஒன்று சொல்வோம்: மெல்லிய வாடை, காவல் இன்னும் இருக்கிறது என்பதன் அடையாளம். வடிகட்டும் கருவி அக்காவலையும் சேர்த்து நீக்கிவிடுவதால், வடித்த நீரை நாட்கணக்கில் குடத்தில் வைப்பது நன்றன்று. குளோரினுக்கு அடங்காத கிருமிகளும் உண்டு. எனவே நோயாளி பருகும் நீரை ஒரு நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, அன்றன்றே தீர்த்துவிடுங்கள். பானைக்குள் கைவிடாமல் நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொள்ளுங்கள்.

வீட்டு நாட்காட்டியில் மருத்துவர் குறித்த தேதிக்கு அருகே, தொட்டி கழுவும் தேதியையும் எழுதி வையுங்கள். பல நாள் சிகிச்சையால் மீட்ட உடலை ஒரு குவளைத் தண்ணீரால் இழக்கலாகாது.